ஐந்து மணி இட்லி

பஸ் ஸ்டாண்ட் மதுரை ரோட்டுப் பக்கம் போனதும் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் வியாபார ஆலோசகர்களாகிவிட்டார்கள். "புது ஸ்டாண்ட் பக்கத்துல, எடமலைப்பட்டி புதூர்ல ஒரு கடை பிடிச்சா போதும், ஜனம் கொட்டும்" என்றார்கள். என் கணவர் வேலை பார்த்த ஆபீஸை அப்போதுதான் மூடியிருந்தார்கள். அவர் வார்க்கும் இட்லிக்கு எங்கள் தெருவிலேயே நல்ல பெயர். எனக்கும் ஆசை வந்துவிட்டது. நச்சரித்துக் கடை பிடிக்க வைத்தவள் நான்தான்.

ஜனம் கொட்டத்தான் செய்தது, காலை ஐந்து மணிக்கு. எங்கள் இட்லி வந்து சேர எட்டரை ஆகும். ஸ்ரீரங்கத்தில், வீட்டிலேயே சமைத்து, பெருமாளுக்கு நைவேத்தியமாகக் கண்டருளப் பண்ணிய பிறகுதான் ஆட்டோவில் ஏற்றுவார். பெருமாளுக்குக் காட்டாததை யாருக்கும் பரிமாறி அவருக்குப் பழக்கமில்லை. விற்பதும் பரிமாறுவதுதானாம்.

"ஏன்னா, மூணு மணிக்கே கண்டருளப் பண்ணிட்டா என்ன?"

"கோயில்லயே ஆறு மணிக்குத்தான் பெருமாளை எழுப்பி விஸ்வரூபம். ஆத்துப் பெருமாளை மூணு மணிக்கு எழுப்பச் சொல்றியா?"

பெருமாளின் தூக்கத்துக்கு இருந்த மரியாதை என் தூக்கத்துக்கு இல்லை. விடியுமுன் டவுன் பஸ் பிடித்துப் போய், வெறும் தட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருப்பேன்.

"அக்கா, இட்லி இருக்கா?"

"கொஞ்ச நேரம் ஆகுங்க."

யார் காத்திருப்பார்கள்? ஒருநாள் அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கேட்டாள். என்னிடம் இல்லை என்றதும் பக்கத்துக் கடைக்கு ஓடினாள். எனக்கு அவமானமாக இருந்தது. அன்றைக்கும் மிஞ்சிய இட்லியை உதிர்த்து ராத்திரிக்கு உப்புமா கிளறும்போது வெடித்துவிட்டேன்.

"பேசாம கடையை மூடிடுங்கோ! நீங்களும் பெருமாளும் நிம்மதியா தூங்கலாம்."



மறுநாள் ஐந்து மணிக்கே ஆட்டோ வந்து நின்றது. பாத்திரத்தைத் திறந்தால் ஆவி பறக்கிறது. "கண்டருளப் பண்ணியாச்சா?" என்று கேட்டேன். அவர் தட்டை எடுத்து இட்லி வைக்க ஆரம்பித்தார். ஏழு மணிக்கெல்லாம் எல்லாம் தீர்ந்துவிட்டது. திரும்பும்போது, இன்னொரு அடுப்பு வாங்கலாம், ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் சாதம் வடித்தேன். வழக்கமாக அவர்தான் துளசி போட்டுப் பெருமாள் முன் கொண்டு வைப்பார். அன்று பாத்திரத்தை எடுத்தவர், என்னிடமே நீட்டினார்.

"இனிமே நீயே கண்டருளப் பண்ணிடு. எனக்குக் கை வரலை."

கடை இப்போது நன்றாக ஓடுகிறது. சொந்தக்காரர்கள் பாராட்டுகிறார்கள். பழையபடி எட்டரைக்கே கொண்டு வாங்கோ என்று நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஐந்து மணிக்கே ஆட்டோ வந்து நிற்கிறது. தினமும் பெருமாள் முன்னால் நான் நிற்கிறேன். அவர் கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.