நாலு பிஸ்டனிலும் அரை மில்லிமீட்டர்

அந்தத் தெருவில் 'போலீஸ்' என்றால் இன்ஜின் பட்டறைக்காரியைத்தான் சொல்வார்கள். சீல் பிரிக்காத போல்ட் டப்பாவைக்கூடப் பிரித்து, ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். பிரசவ அறையில் நர்ஸ், "பொண்ணு பொறந்திருக்கு" என்றபோதே, "எங்க, காட்டுங்க" என்று கேட்டவள்.

அன்று பிறந்த மகள்தான் இப்போது ரேஸ் கார் ஓட்டுகிறாள். போன ரேஸில் கடைசிக்கு முந்திய இடம். கோளாறு இன்ஜினில்தான் என்று அம்மா அன்றே முடிவு கட்டிவிட்டாள். இன்ஜினைப் பிரித்துப் போட்டுப் புது பிஸ்டன்களும் வாங்கியாயிற்று.

பிஸ்டன் சிலிண்டருக்குள் ஏறி உச்சிக்கு வரும்போது, அதன் தலை இன்ஜின் பிளாக்கின் மேல் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். கீழே நின்றுவிட்டால் அழுத்தம் குறைந்து கார் சோம்பும். அளவுக்கு மீறி நீட்டிக்கொண்டிருந்தால் மேலே மூடும் ஹெட்டில் முட்டி எல்லாம் நாசம். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அளந்து சொல்வது பட்டறைக்காரியின் வேலை. பின்னறை கிரைண்டிங் மெஷினில் பிளாக்கின் முகத்தைத் தேய்த்துக் கொடுப்பது கணவர் வேலை.

தேய்த்து வந்த பிளாக்கில் பிஸ்டனை மாட்டி, உச்சிக்குக் கொண்டுவந்து, உயரம் அளக்கும் டயல் கேஜை வைத்தாள். அரை மில்லிமீட்டர் கீழே நின்றது. முதலில் கேஜைச் சந்தேகப்பட்டு, சமத்தகட்டில் வைத்துச் சோதித்தாள். சரியாகத்தான் இருந்தது. பிஸ்டன் ஒரு பக்கம் சாய்ந்திருக்குமோ என்று, அதைத் தாங்கும் பிஸ்டன் பின்னுக்கு நேர் மேலே கேஜை வைத்து மறுபடி அளந்தாள். அதே அரை மில்லிமீட்டர். மற்ற மூன்றிலும் அதேதான். கை தவறியிருந்தால் ஓர் ஓரம் கூடி ஓர் ஓரம் குறைந்திருக்கும். இவ்வளவு ஒழுங்காகத் தப்பு வராது, வேண்டுமென்றே செய்தால்தான் வரும்.

கொஞ்ச நாளாகவே அவள் தலை தெரிந்ததும் அப்பாவும் மகளும் பேச்சை மாற்றுவது இப்போது நினைவுக்கு வந்தது.

"ஏங்க, நான் சொன்ன அளவுக்குத்தான் எடுத்தீங்களா?"

"நீ சொன்னதைத்தான் எடுத்தேன்" என்று கணவர் துணியால் முகத்தைத் துடைத்தார். எண்ணெய் கையில்தான் இருந்தது, முகத்தில் ஒன்றுமில்லை.

"வந்து பாருங்க."

வந்தார். கேஜைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கேஜ் தப்பா காட்டும்."

யாரிடம் வந்து என்ன சொல்கிறார் பாருங்கள்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பூசி மெழுகாதீங்க. அவ ரேஸ் ஓட்டறதே உங்களுக்குப் பிடிக்கல. அதான் எனக்கே குழி பறிச்சிட்டீங்க."

"சரி, பிடிக்கலன்னே வச்சுக்கோ."

அவள் சட்டென்று நின்றாள். குளியலறை விளக்கை யார் அணைக்காமல் விட்டது என்று கேட்டால்கூட ஒரு மணி நேரம் வாதாடுகிற மனிதர், இவ்வளவு பெரிய பழியை மறுக்காமல் வாங்கிக்கொள்கிறாரே?

"யாருக்காகப் பழியை ஏத்துக்கறீங்க?"

அவர் பின்னறைப் பக்கம் பார்த்தார். அதன் வாசலில் மகள் நின்றிருந்தாள்.

"அப்பாவைத் திட்டாதம்மா. குறைச்சு எடுக்கச் சொன்னது நான்தான்."

"ஏன்டி? உனக்கென்ன பைத்தியமா?"

"எனக்குப் பயமா இருக்கும்மா. வளைவு வந்தாலே கால் தானா பிரேக்குக்குப் போயிடுது. கார் ஓடலன்னா இன்ஜின் சரியில்லன்னு நீயே ஒருநாள் ரேஸை விட்டுடுவன்னு நினைச்சேன்."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. தான் பார்த்துப் பார்த்துக் கட்டிய இன்ஜினை அப்பனும் மகளுமாகச் சேர்ந்து முடமாக்கிவிட்டார்களே என்ற கோபம். அப்புறம் அந்தக் கார் வளைவில் திரும்பும் வேகம் நினைவுக்கு வந்தது. கேஜைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு நாளா இந்தப் பயம்?"

"முதல் ரேஸ்லேருந்தே."

"பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேம்மா" என்றாள் மகள். "ரெண்டு மூணு தடவை சொன்னேன். தோத்ததுக்குச் சாக்கு சொல்றேன்னு நினைச்சு நீ நம்பவே இல்ல."