வற்றிய குளத்து நீர்மாதிரி

வெள்ளவத்தையில் நான் மொழிபெயர்ப்பு செய்யும் அறைக்குச் சுற்றுச்சூழல் ஆலோசகர் ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. போத்தல் தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிக்கமாட்டார்.

வன்னியில் காடழித்துச் சூரிய மின்நிலையம் கட்டும் கம்பனிக்கு, நீர் மாசடையாது என்று காட்டி அனுமதி வாங்கிக் கொடுப்பது அவர் தொழில். அங்கே மண் கரைந்தால், கீழேயுள்ள ஊர் குடிக்கும் குளத்தில்தான் சேரும். தமிழாக்க அவர் கொண்டுவந்த அறிக்கையில், அந்தக் குளத்தில் நீர்மாதிரி எடுத்த திகதி ஓகஸ்ட்டில் இருந்தது. அந்த மாதம் அதே குளம் வற்றியதைப் பத்திரிகையில் படித்துக் குறித்து வைத்திருந்தேன்.

“ஐயா, குளத்தில தண்ணியே இல்லையே, எதை எடுத்தனீங்கள்?”

“தண்ணி இல்லாட்டி அழுக்கும் இல்லைத்தானே? நீங்கள் தமிழை மட்டும் பாருங்கோ, தம்பி.”

மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அனுமதி கிடைத்த அன்று தொலைபேசியில் அழைத்து, ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை என்று பாராட்டினார். அதுவரை அவரை மட்டும்தான் கேவலமாக நினைத்திருந்தேன்.