பிரவுசிங் சென்டர் நோட்டு

நேற்று என் மகள் கைப்பேசியில் ஏதோ புதிதாகக் கணக்குத் தொடங்கினாள். எட்டிப் பார்த்தேன், பெயர் வேறாக இருந்தது. கேட்டதற்கு, "சொந்தப் பேரு போட்டா தொல்லப்பா" என்றாள். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன். சிரிப்பு ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

இருபது வருஷத்துக்கு முன் பெரம்பலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் எனக்கு வேலை. பொறுப்பாளர் என்று பெயர். மவுஸுக்குள் உருளும் பந்தைக் கழற்றி அழுக்கெடுப்பதுதான் முக்கால்வாசி உத்தியோகம். ஊதுபத்தி வாசனைக்கு நடுவே திடீரென்று அத்தர் மணந்தால், லப்பைக்குடிக்காட்டுப் பெரியவர் யாரோ துபாயில் இருக்கும் மகனைக் கேமராவில் பார்க்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். கேமராவுக்கு மணம் தெரியாது என்று அவரிடம் யார் சொல்வது? கேபினின் திரைச்சீலையைத் திறந்தே வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுவார்.

இழுத்து மூடிக்கொள்வது இளவட்டங்கள்தான். வாசல் நோட்டில் பேரும் ஊரும் எழுத வேண்டும்; அவர்கள் எழுதுவதெல்லாம் புளுகு. ஆறாம் கேபினுக்குத் தினமும் வருகிற ஒருவர் 'ரமேஷ், சென்னை' என்று எழுதுவார். வேப்பந்தட்டை பஸ்ஸில் வந்து இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

பெண்கள் வந்தால் ரிசல்ட் பார்க்க வருவார்கள், பின்னால் அப்பாவோ அண்ணனோ நிற்பார். தனியாக வந்தவள் கலைச்செல்வி ஒருத்திதான். நர்சிங் படிக்க விண்ணப்பித்திருந்தாள். தேர்வானவர்கள் பட்டியல் வந்துவிட்டதா என்று வாரம் ஒருமுறை வந்து பார்ப்பாள். நோட்டில் தன் பெயர், அப்பா பெயர், வேப்பந்தட்டை, வந்த காரணம் எல்லாவற்றையும் குண்டுகுண்டாக எழுதுவாள். ஒருநாள் தன் விண்ணப்ப எண்ணையும் எழுதிக் கொடுத்தாள். "நான் வர முடியலன்னா நீங்க பாத்து வைங்கண்ணே."

'ரமேஷ்' அவளுடைய அண்ணன் என்பது, அவர் என் மேசை முன் வந்து நின்ற அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரோ போட்டுக்கொடுத்திருந்தார்கள்.

"என் தங்கச்சி கலைச்செல்வி இங்க வந்துச்சா?"

இல்லை என்றிருக்கலாம். அவ்வளவு பொய் கிடந்த இடத்தில் இன்னொன்று யாரை உறுத்தப்போகிறது? நானோ அவளுக்கு நல்லது செய்கிற நினைப்பில் நோட்டைத் திருப்பிக் காட்டினேன். "படிப்பு விஷயமாத்தாங்க வந்துச்சு."

அவர் பக்கங்களைப் புரட்டினார். "நாலு தடவ. தனியா, ஸ்கிரீன இழுத்து வுட்டுக்கிட்டு." அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாளும் வந்தார், 'ரமேஷ், சென்னை' என்று எழுதிவிட்டு ஆறாம் கேபினுக்குள் போனார். அவள்தான் அதன்பிறகு வரவே இல்லை.

அடுத்த வாரம் பட்டியல் வந்தது. அவள் எண் இருந்தது. பிரிண்ட் எடுத்து மேசைக்குள் வைத்தேன். வேப்பந்தட்டை ஒன்றும் தூரமில்லை. ஆனால் நான் போகவில்லை, பயம்தான், வேறென்ன. சேர வேண்டிய தேதி போய்விட்டது.

அந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். திரைச்சீலை, மவுஸ் பந்து, அத்தர் மணம் எதுவும் இல்லை. நோட்டும் எப்போதோ எடைக்குப் போயிருக்கும். இளவட்டங்கள் அதில் எழுதிய அத்தனை பேரிலும் நிஜப் பெயர் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் நான் விரல் வைத்துக் காட்டினேன்.