மஞ்சள் விரலும் கலப்பைக் கிழங்கும்

என் விரல் நுனி பட்டால் போதும், என் மனைவியின் வயிற்றில் இருக்கும் பிள்ளை கரைந்துவிடும் என்று பதினோரு நாள் முழு மனதாக நம்பினேன். நான் பத்தாவது பாஸ். அறிவியலில் நல்ல மார்க்கு வேறு.

எண்பதுகளின் தொடக்கம். பாகூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்துக்கு எலிக்கூண்டு கழுவப் போவேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம். அப்போது அங்கே கலப்பைக் கிழங்கை ஆராய்ந்தார்கள். வேலியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்குமே, அந்தச் செங்காந்தளின் கிழங்குதான். மருந்துக்கும் ஆகும், ஆளைக் கொல்லவும் செய்யும். அதன் சாற்றைச் சினை எலிகளுக்குக் கொடுத்து என்ன ஆகிறது என்று பார்த்தார்கள்.

ஒருநாள் டாக்டரம்மா நோட்டைப் பார்த்துக்கொண்டே, "இதுல பாதிக் கரு கரைஞ்சு போச்சு" என்றார். நான் குனிந்து என் கையைப் பார்த்தேன். பத்து விரலும் மஞ்சள். எலிகளைத் தூக்கித் தூக்கி ஒட்டியது. சோப்புக்கும் போகவில்லை, சாம்பலுக்கும் போகவில்லை. கிழங்குச் சாறு என் தோலில் ஊறிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். டாக்டரம்மாவிடம் கேட்கலாம்தான். கேட்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். அவள் தண்ணீர் கொடுத்தால் "கீழ வெய்யி" என்பேன். அவள் உட்கார்ந்த பாயில் உட்காரமாட்டேன். பஸ்ஸில் தவளக்குப்பத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி ஏறியதும் பின்படி வழியாக இறங்கி முன்படியில் ஏறினேன். "இன்னாபா, பஸ்ஸ சுத்தி பிரதட்சணமா?" என்றார் கண்டக்டர்.

பதினோராம் நாள் வளைகாப்பு. எங்கள் வீட்டு வழக்கத்தில் பெண்களெல்லாம் பூசி முடித்தபின் கடைசியாகக் கணவன் சந்தனம் பூச வேண்டும். நான் இரண்டு கையையும் துண்டில் சுற்றிக்கொண்டு மூலையில் நின்றேன்.

"கைல இன்னா மாப்ள, புதையலா?" என்றார் அவள் அண்ணன். "சீர்ல வாச்சு போடலன்னு முறுக்கிக்கினு நிக்கிறாரு போல" என்றாள் ஒரு சித்தி.

எனக்கு ஒரு யோசனை உதித்தது. துண்டோடு ஒரு வெற்றிலையைப் பிடித்து, அதன் நுனியால் சந்தனத்தைத் தொட்டு, கைதூரத்தில் நின்று அவள் கன்னத்தில் வைத்தேன். சுவருக்கு வெள்ளையடிப்பது போல இருந்திருக்கும். சபையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"என்னத் தொட அருவருப்பா மாமா?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் பயத்திலேயே அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்பது அடுத்த கண்டுபிடிப்பு. சாயங்காலம் பிறந்தவீட்டுக்காரர்கள் அவளை மடுகரைக்கு அழைத்துப் போனார்கள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டி ஏறினாள்.

இனி வேலை போனால் போகட்டும் என்று மறுநாள் காலை டாக்டரம்மா முன்னால் இரண்டு கையையும் நீட்டினேன். கதை முழுக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அட மனுஷா, எந்த எலி எதுன்னு தெரிய அதும்மேல பூசற சாயம்பா அது! சாறு குடிக்கிற எலிங்க அந்த ரூம்ல பூட்டிக் கிடக்குது. உன்கிட்ட இருக்கிறது எல்லாம் ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக வெறும் தண்ணி குடிக்கிற கூட்டம்."

"அப்ப தண்ணிக்கு…"

"தண்ணிக்கு ஒண்ணும் ஆவாது. போய் உன் வொய்ஃப சமாதானம் பண்ணு."

அரைநாள் லீவு போட்டு மடுகரைக்குப் போனேன். அவள் முறம் வைத்துக்கொண்டு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ஆதியோடந்தமாகச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"எலி குடிச்ச பச்சத் தண்ணிக்கா பதினோரு நாளு என்ன அழ வெச்ச?"

"ஆமா."

"வூட்டுக்கு வெளிய சொல்லிடாத. உன் புள்ளைக்கு நாளைக்குப் பொண்ணு தரமாட்டானுங்க."

சாறு குடித்த எலிகளில் பலவற்றுக்குக் கரு தங்கவில்லை. தண்ணீர் குடித்தவை வழக்கம்போலக் குட்டி போட்டன. தை மாதம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது; தாயும் சேயும் நலம்.