பூனைக்கும் வாங்க

பட்டுக்கோட்டை பேருந்து நிலைய வாசலில் இளநீர் குடித்துக்கொண்டு நிற்கிறேன். கடைக்கார அம்மாவின் மகள் ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே அந்த ஊர் மொழியும் படிக்கிறாளாம்.

"பொண்ண ஆயா வேலைக்கா அனுப்புறன்னு ஊர்ல கேட்டாங்க சார்" என்று அவர் சொல்லும்போதே மகளின் வீடியோ அழைப்பு வருகிறது. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எடுக்கிறார். மகளின் மடியில் செம்பட்டைத் தலையோடு ஒரு சிறுமி.

"அம்மா, சாப்டீங்களா?" என்று அந்தச் சிறுமி தமிழில் கேட்கிறாள். பக்கத்தில் வந்த பூனையிடமும், "வாங்க, உக்காருங்க" என்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "பூனைக்குமா?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. "எம் பொண்ணு வளக்குற புள்ள சார். அதுக்கு வா, போன்னு பேசவே தெரியாது."

போனின் சத்தத்தைக் கூட்டி, பேருந்துக்கு நிற்கும் ஊர்க்காரர்கள் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்.