பதினான்காவது தலை

பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. உதடு அசையாமல் எண்ணி முடித்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறார் விசிலக்கா. குளத்தில் நீந்துகிறவர்களின் தலைகளைத்தான். ஒரு சுற்றுக்கு இருபது விநாடி. சுவர்க் கடிகாரத்தை வைத்துப் பலமுறை சரிபார்த்திருக்கிறேன்.

கண்ணாடிக் கூரை போட்ட நீச்சல் குளம் அது. காலை ஏழே காலுக்கு வெயில் கூரை வழியே இறங்கித் தண்ணீரைத் தொடும். உடனே சுவரெல்லாம் ஒளி நெளியத் தொடங்கும். பக்கத்தில் பேசுகிறவர்களின் குரல்கூட அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் கேட்கும். முழங்கால் வலிக்காகத் தண்ணீரில் நடக்கப் போகிற என் போன்ற கிழவர்களுக்கு, விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்றே சந்தேகம் வந்துவிடும். அந்தக் கூடத்தில் முழுதாக விழித்திருப்பவர் விசிலக்கா ஒருவர்தான். வயது ஐம்பத்தொன்று. பத்தொன்பது ஆண்டுகளாக இங்கே லைஃப் கார்டு.

யார் பேசினாலும் முகத்தைத் திருப்ப மாட்டார். "மூஞ்சியைப் பார்த்துப் பேசினா என்னக்கா, கொறஞ்சா போயிடுவீங்க?" என்று தொப்பைக்கார வக்கீல் ஒருநாள் கேட்டார். "போட்டோ ஒண்ணு குடுங்க வக்கீல் சார், வீட்ல போய் ஆற அமரப் பாத்துக்கறேன்" என்றார், கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் பாடம் மிகச் சிறியது. "மூழ்கறவன் கத்த மாட்டான், சத்தமே வராது. வெறுங்கையோட கிட்ட போனீங்க, கழுத்தைக் கட்டிப்பான். ரெண்டு பேரும் போய்ச் சேருவீங்க." அதற்காகத்தான் சுவரில் ஒரு நீளக் கழி மாட்டியிருக்கிறது.

இத்தனையும் தெரிந்தவர், தன் தம்பி விஷயத்தில் வெறுங்கையோடுதான் இறங்கினார்.

தம்பி ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டியவர். யாரையோ இடித்துவிட்டோம் என்ற பயம் பிடித்துக்கொண்டு, கடந்து வந்த தெருவுக்கே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். ரொட்டி கடைகளுக்குப் போய்ச் சேரவில்லை. பிறகு அவரும் வேலைக்குப் போகவில்லை. தனியே விட மனமில்லாமல் அக்கா அவரைக் கூட்டிவந்து, தன் நாற்காலிக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்துக்கொண்டார். நெளியும் ஒளி முகத்தில் ஊர, தம்பி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"யாரையும் இடிக்கலை இல்லக்கா?"

"இல்லடா கண்ணா."

ஒரே காலையில் முப்பத்தொரு தடவை. நான் குறித்து வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தம்பியின் குரல் அழுவதுபோல் இருந்ததால் விசிலக்கா அவர் பக்கம் திரும்பி, "இல்லடா" என்றார். மறுபடி தண்ணீரைப் பார்த்தால் பதின்மூன்று தலைதான். விசில் அலறியது. எல்லோரையும் கரையேற்றினார். யாருமில்லாத தண்ணீர் மெல்ல ஆடி ஆடி அடங்கிற்று, அடியில் ஒன்றுமில்லை. பதினான்காவது தலை வக்கீலுடையது. ஷவரில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தது.

சிரித்தவர்கள் சிரித்தார்கள். மாற்று ஆள் வந்ததும் விசிலக்கா, தண்ணீருக்கு முதுகைக் காட்டித் தம்பிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"டாக்டர்கிட்ட போலாம்டா."

"எதுக்கு, பைத்தியக்காரன்னு பேர் வாங்கவா?"

"பல்லு வலிச்சா ஆன்னு வாயைத் திறந்து காட்டறே இல்ல? இதுவும் வலிதானேடா."

"நீதான் இருக்கியேக்கா."

"இருக்கேன். ஆனா நான் சொல்ற 'இல்லடா' உனக்கு ஒரு நிமிஷங்கூடத் தாங்கலை. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க இருக்காங்க." குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்: "செத்துப் போலாம்னு தோணுதாடா?"

தம்பி ஈரத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சில நாள். காலைல எந்திரிக்கறப்ப."

"சொன்னியே, அதுவே நல்லதாப் போச்சு. இனிமே தள்ளிப்போட வேணாம். இன்னிக்கே போறோம்."

"நீயும் உள்ள வருவியா?"

"கூப்பிட்டா வரேன். பேச வேண்டியது நீ."

"எத்தனை நாளா இப்படின்னு கேட்டா நான் முழிப்பேன் சார். நீங்கதான் எல்லாத்துக்கும் தேதி வெச்சிருப்பீங்க" என்று விசிலக்கா என்னையும் அழைத்தார். ஈரத் தலையோடு நானும் போனேன். தம்பி அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கி, என் கணக்கில் அறுபத்தெட்டு நாள்.

மனநல மருத்துவரின் காத்திருப்பு அறையில் வெள்ளைத் திரைகள் காற்றில் உப்பி உப்பி அடங்கின. நர்ஸ் ஒரு படிவமும் பேனாவும் கொடுத்தார். பெயரையும் வயதையும் எழுதிவிட்ட தம்பி, 'உங்கள் சிரமம் என்ன?' என்ற இடத்தில் நின்றுவிட்டார். கீழே நான்கு கோடுகள் காலியாக இருந்தன. பேனா முனை தாளைத் தொட்டது, விலகியது, மறுபடி தொட்டது. விசிலக்காவின் வலக்கை பேனாவை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. சட்டென்று அதை இழுத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.