அம்மா ஓடி வந்த ஷாட்

மலையகத்துப் பிள்ளைகளைப் பற்றி யாராவது பாட்டு வீடியோ எடுத்தால் அதைப் பார்க்காமலே என்னால் கதை சொல்ல முடியும். பனிமூட்டத்துக்கு மேலே ட்ரோன் பறக்கும். புல்லாங்குழல் ஒன்று மூக்கைச் சிந்தும். கூடை மாட்டிய பெண்பிள்ளை காரணமே இல்லாமல் திரும்பிப் பார்ப்பாள். தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் நாலு பையன்கள் போத்தலோடு உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் யாராவது செத்துப்போவார்கள். கீழே ஆயிரம் பேர் அழுகிற பொம்மை போட்டிருப்பார்கள். பார்த்துப் பார்த்துக் குமட்டுகிறது.

தம்பியின் பாட்டு அப்படி இல்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல்.

அவன் பூண்டுலோயா டவுனில் ஒரு ஃபோன் கடையில் வேலை செய்கிறான். ஆள் வராத நேரத்தில் ஃபோனிலேயே ராப் எழுதுவான். ‘எங்க ஜன்னல்ல மலை தெரியும்னு படம் புடிக்க வர்றீங்க, மலையில நின்னு பாத்தா எங்க ஜன்னலும் தெரியும்ங்கிறத மறக்குறீங்க’ என்று தொடங்கி, ‘அழுவ வரல, பேச வந்தேன்’ என்று முடியும் பாட்டு. அதை அவன் அட்டனில் ஒரு தீபாவளி மேடையில் பாடியபோது கொழும்பிலிருந்து வந்திருந்த டைரக்டர் ஒருவர் கேட்டுவிட்டார். ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டுப் பதிவு செய்தார். ‘வீடியோவ உங்க தோட்டத்துலயே எடுப்போம் தம்பி, அப்பதான் உண்மையா இருக்கும்’ என்றார். தம்பிக்கு இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை. இந்த ஒரு வீடியோ வந்தால் போதும், தன்னைப் பாடகன் என்பார்கள் என்று நம்பினான். நானும் நம்பினேன்.

உண்மையை எடுக்க வந்தவர் வேனிலிருந்து இறங்கியதும் எங்கள் லயத்தைப் பார்த்து முகம் சுளித்தார். போன தீபாவளிக்கு எல்லா வீட்டுக்கும் பெயின்ட் அடித்திருந்தோம். எங்கள் வீடு ரோஸ், பக்கத்து வீடு பச்சை.

“இவ்வளவு கலரா இருந்தா கஷ்டம் தெரியாதே” என்றார்.

டிஷ் அன்டெனாவைச் சாக்கால் மூடினார்கள். ஸ்கூட்டரை லயத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு அவர் கண் என்மேல் விழுந்தது.

“தங்கச்சி என்ன படிச்சிருக்கீங்க?”

“டிகிரி முடிச்சிருக்கேன்.”

“நல்லம், நல்லம். அப்ப அந்தக் கண்ணாடியக் கழட்டிட்டு இந்தக் கூடையக் கொஞ்சம் மாட்டுங்க.”

ஏதோ ஹோட்டலில் பூ வைத்திருந்த கூடைபோல வார்னிஷ் மினுமினுத்தது.

“எங்க தோட்டத்துல இப்ப யாரும் கூடை மாட்டுறதில்லண்ணே. பைதான்.”

“பை கேமராவுல நல்லா இருக்காது.”

“கேமராவுக்கா கொழுந்து எடுக்குறோம்?”

“தங்கச்சிக்கு வாய் கொஞ்சம் நீளம்.”

“அதுலதான் ஸ்பெஷல் டிகிரி பண்ணினேன்ணே.”

அதோடு என்னை விட்டுவிட்டார். தோட்டத்துத் தப்பு மேளச் செட் பையன்களைப் பிடித்துக்கொண்டார். மாசியில் காமன் கூத்துக்கும், மற்ற நாளில் கல்யாணம் சாவு என்று எல்லாவற்றுக்கும் தப்படிக்கிறவர்கள் அவர்கள்தான். படப்பிடிப்பு என்று சட்டையை அயன் பண்ணி, தலை வாரி, வாசனை அடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். மேக்கப் போடுகிறவர் தேயிலைச் செடி அடியிலிருந்து சேற்றை அள்ளி அந்தச் சட்டைகளில் பூசினார். அதில் ஒருவன் நர்ஸிங் படிக்கிறவன். ஊரில் பாதிப் பேருக்குப் பிரஷர் பார்க்கிறவன். அவனைச் சாக்கடைக் கானில் சரிந்து கிடக்கச் சொன்னார்கள்.

சாராயத்துக்குப் பதிலாகப் போத்தலில் ஊற்ற எங்கள் வீட்டிலிருந்துதான் பிளேன்டீ போனது. நானே போட்டுக் கொடுத்தேன். எங்கள் தோட்டத்துத் தேயிலையைக் குடித்து எங்கள் பையன்களே தள்ளாடினார்கள். முதல் டேக்கில் ஒருவன் ஒரு வாய் குடித்துவிட்டு லயத்தைப் பார்த்துக் கத்தினான்: “அக்கா, சீனி போடலயா?”

“கட்” என்றார் டைரக்டர். சிரித்தது நாங்கள் மட்டும்தான்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கூத்து. நான் அப்பாவுக்கு மருந்து கொடுக்க வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்து, அந்த வாரம்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நாற்காலி போட்டுப் போர்வையோடு உட்காரவைத்திருந்தோம். அம்மா வேலைக்குப் போயிருந்தார். அங்கே, காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நடந்ததைத் தம்பி பிறகுதான் சொன்னான்.

டைரக்டருக்குக் கல்யாணத்துக்கு அடிக்கிற தப்பு பிடிக்கவில்லை. கூத்துத் தப்பு பிடிக்கவில்லை. தப்பு செட் பையன் ஒருவனின் ஃபோனில் இருந்த பழைய வீடியோவைக் கேட்டுவிட்டு, “இது, இதுதான் வேணும், இது மாஸ்” என்றிருக்கிறார்.

“அண்ணே, அது சாவுத் தப்புண்ணே.”

“இருக்கட்டுமே. பாக்குறவனுக்கு என்ன தெரியப் போவுது?”

“தோட்டத்துக்குத் தெரியும்ணே.”

எங்கள் பக்கம் தப்பு என்பது செய்தி. அந்த அடி கேட்டால் மலையில் நிற்கிற அத்தனை பேரும் கொழுந்தை நிறுத்திவிட்டு யார் வீடு என்று பார்க்க இறங்கிவிடுவார்கள். அதற்கு ஃபோன் வேண்டாம். பையன்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால் ஒருவனை மேல்மலைக்கு ஓடவிட்டு, ‘படப்பிடிப்புத்தான், யாரும் பதறாதீங்க’ என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு வந்த பிறகுதான் தப்பைத் தீயில் காய்ச்சினார்கள். அம்மாவோடு கொழுந்து எடுக்கிறவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையில் நின்றார்கள். அவ்வளவு தூரம் சத்தம் போகாது என்று நினைத்துவிட்டார்கள். அன்று பனி விலகி, காற்று அந்தப் பக்கமாகவே அடித்தது.

சத்தம் கேட்டதும் அப்பா போர்வையை விலக்கிக் காதைக் கொடுத்தார்.

“யாரும்மா போனது?”

“யாருமில்லப்பா, படம் எடுக்குறாங்க.”

“படம் எடுக்குறதுக்கா இத அடிக்கிறானுங்க? விளங்கிரும்.”

நான் வெளியே வந்து பார்த்தபோது ஆற்றுப் பாலத்தில் ஒரு உருவம் ஓடி வந்துகொண்டிருந்தது. கொழுந்துப் பை முதுகில் இல்லை. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு அவிழ்ந்து ஒரு பக்கமாக இழுபட்டது. ஒரு காலில் செருப்பு இல்லை. பின்னால் நாலைந்து பெண்கள். அம்மா என்று எனக்கு ஓட்டத்தில் தெரியவில்லை, அழுகையில் தெரிந்தது.

படப்பிடிப்பு நடப்பது அம்மாவுக்குத் தெரியும். ஆனால் படத்துக்காக யாரும் சாவுத் தப்பு அடிப்பார்கள் என்று அவர் மூளையில் எந்த மூலையிலும் இடமில்லை. வீட்டில் அப்பா அப்படி இருக்கிறார், தப்பு அப்படிக் கேட்கிறது. வேறு என்ன நினைப்பார்?

தப்பு நின்றுவிட்டது. பையன்கள் சிலையாக நின்றார்கள். அம்மா அவர்களையும் தாண்டி, தம்பியையும் தாண்டி, வீட்டுக்கு ஓடினார். கேமராவும் பின்னால் ஓடியது. இஸ்தோப்பில் அப்பா நாற்காலியிலிருந்து தலையை நீட்டி, “என்னா புள்ள, யாரு போனது?” என்று கேட்டார். அம்மா அப்படியே கான் கட்டில் உட்கார்ந்துவிட்டார். மாராப்பு விலகிக் கிடந்தது. மூச்சுதான் வந்தது, பேச்சு வரவில்லை.

கேமராக்காரர் என்னைப் பார்த்துச் சிங்களத்தில், “மொகத உனே நங்கி?” என்றார். என்ன நடந்ததாம். அவருடைய பாஷையிலேயே கேமராவைக் கீழே போடச் சொன்னேன். அவர் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் விரலைக் காற்றில் சுற்றிக் காட்டினார். எடு, எடு, நிறுத்தாதே. அந்த விரல் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. நான் போய் அம்மாவுக்கு முன்னால் நின்று மறைத்தேன்.

பேச்சு வந்ததும் அம்மா தம்பியைத்தான் பிடித்தார். “படம் புடிக்கிறதுக்கு சாவுத் தப்பா அடிப்பாங்க, நாய் மகனே?”

“மேல்மலைக்குச் சொல்லிவிட்டோம்மா.”

“அவங்க புருசனாடா நெஞ்சப் புடிச்சிக்கிட்டுப் படுத்துக் கெடக்கான்?”

கூட ஓடிவந்த பெண்கள் தப்பு செட்டைப் பிடித்து ஏசினார்கள். சாவில்லாமல் அந்த அடி அடித்தால் அது ஒரு ஆளைத் தேடிக்கொண்டு வரும் என்று ஒருத்தி மண்ணை வாரிப் போட்டார். டைரக்டர் அதையும் எடுத்தார். போகும்போது தம்பியின் தோளைத் தட்டி, “இன்னும் ஒரு நாள் வேல இருக்கு. ஆனா படம் இன்னைக்கே கிடைச்சிட்டு” என்றார்.

முதல் வெட்டு வாட்ஸப்பில் வந்தது. தம்பியின் பாட்டில் வருகிற ஃபோன் கடைப் பையன் எங்கேயும் இல்லை. குடித்துக் கானில் விழுந்து சாகிற ஒருவன் இருந்தான். கடைசியில், ‘அழுவ வரல, பேச வந்தேன்’ என்று தம்பி பாடுகிற இடத்தில், எங்கள் அம்மா மெதுவாக, மெதுவாக, அழுதுகொண்டே ஓடி வந்தார். அத்தனை மெதுவாக ஓடவைத்ததில் மாராப்பு விலகியது முழுசாகத் தெரிந்தது.

அப்பா ஃபோனை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். “பரவாயில்லயே, நா போனா இவ நெசமாவே அழுவா போல” என்றார். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அம்மா ஃபோனைத் தொடவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே ஒன்றுதான் கேட்டார். “அதுல என் மாராப்பு ஒழுங்கா இருந்திச்சா?”

“இல்லம்மா” என்றேன்.

சுளகு நின்றது. பிறகு மறுபடியும் புடைத்தார்.

தம்பி டைரக்டருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

“அந்த ஷாட்ட எடுத்துருங்கண்ணே.”

“தம்பி, அந்த ஷாட்தான் பாட்டே. எந்த நடிகைக்கும் இப்படி வராது.”

“அம்மா நடிக்கலண்ணே.”

“அதத்தானே நானும் சொல்றேன்.”

டைரக்டரே தொடர்ந்தார்.

“நல்லா யோசிங்க. பாடகனா இருக்கப் போறீங்களா, ஃபோனுக்கு கிளாஸ் ஒட்டிக்கிட்டே இருக்கப் போறீங்களா? வேணும்னா மொகத்த மங்கலாக்குறேன்.”

தம்பி ஆடிப்போய்விட்டான். எனக்கே தெரிந்தது. அடுப்படிக்குப் போய் நின்று, “அம்மா, மொகம் தெரியாம பண்ணிருவாங்களாம்” என்றான்.

“மொகம் தெரியாட்டி அது நானில்லாம போயிருமா? அந்தப் படங்கு யாருதுன்னு தோட்டத்துக்கே தெரியும்டா.”

அவன் அடுப்படியிலிருந்து வெளியே வந்தான். மறுநாள் தப்பு செட் பையன்களைப் போய்ப் பார்த்தான். டைரக்டருக்கு இன்னும் ஒரு நாள் வேலை பாக்கி இருந்ததே, அதற்கு அவர்கள் வேண்டும், எங்கள் மலை வேண்டும். அவர் வேனில் வந்து இறங்கியபோது ஒருவனும் தப்பைத் தூக்கவில்லை. பெண்கள் பெரட்டுக் களத்தில் வழியை மறித்து நின்றார்கள். தம்பி, “எங்கம்மா முன்னுக்கு அழிங்கண்ணே, பொறகு பேசுவோம்” என்றான். நர்ஸிங் படிக்கிற பையன், “எனக்கு அந்தச் சட்டைய வெளுத்தும் குடுங்க” என்றான்.

டைரக்டர் லப்டொப்பைத் திறந்து அழித்தார். அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். வேறு எங்கே நகல் வைத்திருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். மூடும்போது தம்பியைப் பார்க்காமலே, “அப்ப உங்க குரலும் எனக்கு வேணாம்” என்றார்.

சொன்னபடி செய்தார். வீடியோ வேறொருவன் குரலில் வந்தது, வேறு வரிகளோடு. ட்ரோன், புல்லாங்குழல், சேற்றுச் சட்டை எல்லாம் அப்படியே. அம்மா இருந்த இடத்தில் ஒரு நடிகை, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, அந்த வார்னிஷ் கூடையோடு மலையில் ஓடி அழுதாள். இதை அம்மா உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார்.

“இவ ஏன் மேல ஓடுறா? லயம் கீழயில்ல இருக்கு” என்றார். கொஞ்சம் கழித்து, “கூடையில ஒரு கொழுந்து கூட இல்லயே, இவ்வளவு நேரம் மலையில என்னாதான் செஞ்சா?” என்றார்.

கீழே ஆயிரம் அழுகிற பொம்மைகள்.

தம்பி இன்னும் கிளாஸ் ஒட்டுகிறான். ஆனால் பௌர்ணமி லீவான ஒரு போயா நாளில் அவன் பாட்டை நாங்களே என் ஃபோனில் எடுத்தோம். தப்பு செட் பையன்கள் அயன் பண்ணின சட்டையில், கல்யாணத் தப்போடு. நான் கண்ணாடியோடு. டிஷ், ஸ்கூட்டர், ரோஸ் சுவர் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அம்மாவைக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அவரே வந்தார். கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, மாராப்புக்கு மூன்று பின் குத்தி, இஸ்தோப்பு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அழச் சொன்னா எந்திரிச்சிப் போயிருவேன்” என்றார்.

ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. ‘அழுவ வரல, பேச வந்தேன்’ என்ற வரியில் அவர் கேமராவை நேராகப் பார்க்கிறார். அவ்வளவுதான்.

போட்டோம். எங்கள் ஆட்கள் கொஞ்சம் பேர் பார்த்தார்கள். தெரியாத ஒருவர் முதல்முதலாகக் கருத்துப் போட்டிருந்தார். தம்பி வாசித்துக் காட்டினான்: ‘இவங்க நெசமாவே தோட்டத்து அம்மாவா? பாத்தா அப்படித் தெரியலையே.’

அம்மா பின்னை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“நா எப்படித் தெரியணுமாம்?” என்றார்.